டிசம்பர் குளிர்ல கிராண்ட் கேன்யன்ல ராஃப்டிங் போறதுக்கு முன்னாடி

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். கேஎல்ல (கோலாலம்பூர்) இருந்து ஏழு பேர், அமெரிக்காவில இருக்கிற உங்க கூட்டாளியோட சேர்த்து எட்டு, அவருக்கு அந்த ஆத்துல தனியா படகு விட லாட்டரில பெர்மிட் விழுந்திருக்கு, டிசம்பர் கடைசில லீஸ் ஃபெரில படகு இறக்கி டைமண்ட் கிரீக் வரைக்கும் 226 மைல், கொலராடோ ஆத்துல, கிராண்ட் கேன்யன் உள்ளுக்குள்ள. எல்லாருக்கும் நீச்சல் தெரியும், கோலா குபு பாருல, அதான் நம்ம கேகேபி, சுங்கை சிலாங்கூர் ஆத்துல மூணு தடவ ராஃப்டிங் (ரப்பர் படகு சவாரி) போயிருக்கீங்க, வெட்சூட் (உள்ள ஈரமாகிற ரப்பர் உடுப்பு) போதுமா டிரைசூட் (தண்ணி உள்ள புகாத உடுப்பு) வாங்கணுமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசில ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, "நாங்க எல்லாம் வெயில்ல பொறந்து வளந்தவங்க, உடம்பு தாங்குமா"ன்னு, நீங்க நெஜமா கேக்க வந்தது அதுதான்னு எனக்குத் தோணுது. சூட் பத்தியும் சொல்றேன், ஆனா அந்தக் கடைசி வரிக்குத்தான் முக்கியமா பதில் சொல்லணும்.

நான் சுங்கை சிலாங்கூர்ல பதினாலு வருஷம் ராஃப்ட் கைடா வேலை பார்த்தவன், ஆத்துல விழுந்தவங்கள மீட்கிற பயிற்சி ரெண்டு தடவ எடுத்திருக்கேன், நீங்க போகப் போற அதே ஆத்துல ஒரு தடவ ஜனவரில 24 நாள் போயிருக்கேன். அந்த ஒரு தடவைய வச்சு அந்த ஆறு முழுசாத் தெரியும்னு சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ஊரு உடம்ப வச்சுக்கிட்டு அந்தக் குளிர்ல உக்காந்தா எப்படி இருக்கும்னு தெரியும். டாக்டர் இல்ல நான், அதையும் இப்பவே சொல்லிடுறேன்.

முதல்ல நெறைய பேர் தப்பா நெனைக்கிற ஒரு விஷயம். டிசம்பர்னா தண்ணி பயங்கர ஜில்லுனு இருக்கும், ஜூன்ல பரவால்லன்னு நெனைப்பாங்க. அந்த ஆத்துல அப்படி இல்ல. மேல க்ளென் கேன்யன் அணை இருக்கு, 1963ல கதவ மூடி ஏரியா தேக்க ஆரம்பிச்சாங்க, அப்ப இருந்து அந்த ஏரியோட ஆழத்துல இருக்கிற தண்ணியத்தான் கீழ விடுறாங்க. வெயிலே படாத ஆழம், அதனால வருஷம் பூரா பெரும்பாலும் ஜில்லுனுதான் வரும், குளிர்காலத்துல சுமாரா 8ல இருந்து 12 டிகிரி வரைக்கும். அணை வர்றதுக்கு முன்னாடி கோடையில அதே ஆறு 25 டிகிரிக்கு மேல போகும், குளிர்காலத்துல உறையிற நிலைக்கும் வரும். இப்போ ஜூன்ல விழுந்தாலும் குளிர்ந்த தண்ணிதான், டிசம்பர்ல விழுந்தாலும் குளிர்ந்த தண்ணிதான். வித்தியாசம் எங்கன்னா, ஜூன்ல வெளிய 40 டிகிரி வெயில், படகுல ஏறி பத்து நிமிஷம் உக்காந்தா ஒடம்பு திரும்ப சூடாயிரும். டிசம்பர்ல அந்த வெயில் கிடையாது. கேன்யன் உள்ள பகல் 13 டிகிரி கிட்ட, ராத்திரி 2, 3, லீஸ் ஃபெரி பக்கம் இன்னும் கீழ போகும், தண்ணி உறையும். அதுகூடப் பெருசு இல்ல, சூரியன் தெக்கால தாழ்ந்து போறதால பாறைச் சுவரு மறைச்சிடும், சில இடத்துல நாள் முழுக்க ஆத்து மேல வெயிலே விழாது. எங்க ட்ரிப்ல மூணு நாள் தொடர்ச்சியா வெயில் எங்க மேல படவே இல்ல, அக்கரையில உச்சில மட்டும் செவப்பா தெரியும், பாத்துக்கிட்டே போனோம். ஈரமானா காய வைக்க ஆள் இல்லன்னு வச்சுக்கோங்க. மொத்த ட்ரிப்பையும் அந்தக் கணக்குலதான் யோசிக்கணும்.

இப்ப தண்ணில விழுந்தா என்ன ஆகும். இதுல சந்தேகத்துக்கு இடமே இல்ல, நல்லா ஆராய்ஞ்ச விஷயம். கனடாவில மானிடோபா பல்கலைக்கழகத்துல கோர்டன் கீஸ்பிரெக்ட்னு ஒரு பேராசிரியர், அவர் சொல்ற கணக்கு 1, 10, 1. முதல் 1 நிமிஷம் மூச்சு உங்க கையில இருக்காது. ஜில்லுனு தண்ணி நெஞ்சுல பட்டதும் வாய் தானா தொறந்து இழுக்கும், நீங்க நிறுத்தணும்னு நெனைச்சாலும் நிக்காது, அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள இருந்தா உள்ள போறது தண்ணிதான். நல்லா நீச்சல் தெரிஞ்சவங்க குளிர்ந்த தண்ணில முதல் நிமிஷத்துலயே போயிடுறதுக்கு இதான் காரணம், இதுக்கு நீச்சல் உதவாது, லைஃப் ஜாக்கெட்தான் உதவும். அடுத்த 10 நிமிஷத்துல கை காலு கொஞ்சம் கொஞ்சமா சொன்னபடி கேக்காம போகும், விரல்தான் முதல்ல மூடாம போகும். கடைசி 1 வந்து ஒரு மணி நேரம், உள் ஒடம்பு குளிர்ந்து நினைவு தப்ப அவ்வளவு நேரம் ஆகும். நம்ம ஆளுங்க எல்லாரும் பயப்படுறது அந்தக் கடைசி ஒண்ணுக்கு, ஆனா ஆத்துல ஆள விழுங்குறது பெரும்பாலும் முதல் ரெண்டு.

இதனால கேகேபில பழகின ரெண்டு பழக்கத்த மாத்தணும். ஒண்ணு, நம்ம ஊர்ல விழுந்தா சிரிச்சுக்கிட்டே மெதந்து போவீங்க, கைடு ரோப் போடுவாரு, புடிச்சுக்குவீங்க. அங்க அஞ்சாறு நிமிஷம் கழிச்சு ரோப் நெஞ்சு மேல வந்து விழுந்தாலும் விரல் மடங்காது, நான் கண்ணால பாத்திருக்கேன். அதனால விழுந்த உடனே தலைய தண்ணிக்கு மேல வச்சு, மூச்ச நிதானத்துக்குக் கொண்டு வரப் பாத்துக்கிட்டே, படகோட சைடு கயித்த புடிக்கிறதுதான் வேலை, படகுல இருக்கிறவங்க லைஃப் ஜாக்கெட்டோட தோள்பட்டைய புடிச்சு இழுத்து உள்ள போடணும், விழுந்தவரு தானா ஏறுவாருன்னு காத்திருக்கக் கூடாது. ரெண்டாவது, படகு கவிழ்ந்தா அத நிமித்துறது அப்புறம், முதல்ல ஆள எண்ணணும்.

வெயில்ல பொறந்தவங்க விஷயத்துக்கு வர்றேன். ஒல்லியானவங்க சீக்கிரம் குளிர்ந்து போவாங்க, கொஞ்சம் சதை இருக்கிறவங்க தாங்குவாங்க, இது உறுதி. பொறந்த ஊருனால மட்டும் எவ்வளவு வித்தியாசம்னு பிரிச்சு சொல்றது கஷ்டம், உடம்பு வாகு, சாப்பாடு, அனுபவம் எல்லாம் கலந்து கெடக்கு, அதனால அத நான் அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா பழக்கத்துனால மாறக்கூடியது ஒண்ணு இருக்கு, அந்த முதல் நிமிஷ மூச்சு வாங்கல். இங்கிலாந்துல போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்துல மைக் டிப்டன்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதையே வாழ்க்கை முழுக்க பாத்தவர், குளிர்ந்த தண்ணில அஞ்சாறு தடவ, ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு நிமிஷம் கழுத்து வரைக்கும் இறங்கினா அந்த அதிர்ச்சி சுமார் பாதியா குறையும்னு காட்டியிருக்காங்க, அந்தப் பழக்கம் மாசக்கணக்குல உடம்புல நிக்கவும் செய்யும். இப்ப கேஎல்ல ஐஸ் பாத் கடை தெருவுக்கு ஒண்ணு வந்திருச்சு, பெரிய டப்பா வாங்கி ஐஸ் மூட்டை கொட்டி வீட்டு பின்னாலயும் செய்யலாம். தனியா பண்ணாதீங்க, எப்பவும் பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும், தலைய முக்க வேணாம். ட்ரிப்புக்கு முந்தின ரெண்டு மாசத்துல ஆறு தடவ பண்ணிட்டுப் போங்க. நான் பண்ணிட்டுப் போனேன், லாவா ஃபால்ஸ்ல, அது 179வது மைல்ல வர்ற பெரிய ரேப்பிட் (தண்ணி கொந்தளிச்சு வேகமா ஓடுற இடம்), அதுல நான் வெளிய தூக்கி அடிக்கப்பட்டப்போ எனக்கு மூச்சு ரெண்டு மூணு இழுப்புல அடங்கிருச்சு. அத நான் பயிற்சியோட பலன்னுதான் நம்புறேன்.

சூட். டிரைசூட், வேற பேச்சே இல்ல. வெட்சூட் வந்து ஒரு நாள் ட்ரிப்புக்கு, வெயில் இருக்கிற இடத்துக்கு சரி. 20 நாளுக்கு மேல, தினமும் காலைல ஈரமான, பாதி உறைஞ்ச ரப்பர்ல காலை நுழைக்கிறது, அப்புறம் காத்து அடிக்க அடிக்க அந்த ஈரம் உங்க சூட்டையே இழுத்துக்கிட்டு ஆவியாகிறது, நெனைச்சுப் பாருங்க. புதுசு விலை ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேலயும் போகும், எட்டு பேருக்கும் வாங்குறது பெரிய காசு, ஃபிளாக்ஸ்டாஃப் ஊர்ல படகு வாடகைக்கு விடுறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட சூட்டும் கேட்டுப் பாருங்க. டிரைசூட் தண்ணிய மட்டும்தான் தடுக்கும், சூடு குடுக்காது, உள்ள ஃப்ளீஸ் இல்லாட்டி கம்பளி உடுப்பு ரெண்டு அடுக்கு போடணும், பருத்தி பனியன் ஒண்ணு கூட வேணாம். கழுத்து ரப்பர், மணிக்கட்டு ரப்பர் கிழியும், ஸ்பேர் எடுத்துக்கோங்க. ஜிப் பத்தி ஒரு சம்பவம் சொல்றேன், மறக்க மாட்டீங்க. எங்க ட்ரிப்ல ஒருத்தர், முப்பது வயசு, நல்ல பலசாலி, காலைல அவசரத்துல ஜிப்ப கடைசி அரை இஞ்ச் இழுக்காம விட்டுட்டாரு. விழுந்தது மூணு நிமிஷம் கூட இருக்காது, இடுப்பு வரைக்கும் தண்ணி ரொம்பி, படகுல ஏத்த நாலு பேர் வேண்டியதாப் போச்சு. அன்னையில இருந்து ஒவ்வொரு காலையும் ஒருத்தர் ஜிப்ப இன்னொருத்தர் கையால தடவிப் பாத்துட்டுத்தான் படகு கெளம்பும்னு வச்சுக்கிட்டோம். நீங்க முதல் நாளே அத ஆரம்பிங்க. இங்க காண்டோ ஸ்விம்மிங் பூல்ல போட்டுப் பாக்கணும்னா விடியக்காலைல பண்ணுங்க, நம்ம வெயில்ல அதப் போட்டுக்கிட்டு அரை மணி நேரம் நின்னா மயக்கம் வந்துரும்.

இதுக்கு மேல சொல்லப் போறதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். கேகேபில எல்லாரும் துடுப்பு போடுவோம், கை காலு ஓடிக்கிட்டே இருக்கும், குளிர் தெரியாது. கிராண்ட் கேன்யன்ல பெரும்பாலும் 18 அடி ராஃப்ட், நடுவுல உலோக ஃபிரேம், ஒருத்தர் ரெண்டு நீளத் துடுப்ப வச்சு ஓட்டுவாரு, சாமான் எல்லாம் கட்டியிருக்கும், மத்தவங்க முன்னாடி உக்காந்து வருவாங்க. ஓட்டுறவருக்கு வேர்க்கும். முன்னாடி உக்காந்திருக்கிறவர் மேலதான் எல்லா அலையும் அடிக்கும், அவர் அசையவும் மாட்டாரு. ஓட்டுறவர் தன் உடம்ப வச்சு "இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு, இன்னும் அஞ்சு மைல் போலாம்"னு முடிவு எடுப்பாரு. முன்னாடி இருக்கிறவர்கிட்ட கேட்டா என்ன சொல்வாருன்னு நமக்குத் தெரியும். "பரவால்ல அண்ணே, ஓகே." நம்ம ஆளுங்க பத்து பேர கேட்டா பத்து பேரும் அதான் சொல்வாங்க, மத்தவங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு வளத்திருக்காங்க, நல்ல குணம்தான், ஆனா அந்த ஆத்துல அது ஆபத்து. குளிர் ஏற ஏற யோசிக்கிற புத்தியும் மங்கும், அதனால குளிர்ந்து போனவரு தான் குளிர்ந்து போனத கடைசியாத்தான் தெரிஞ்சுக்குவாரு.

அதனால கேக்காதீங்க, பாருங்க. பெருவிரலால சுண்டு விரலத் தொடச் சொல்லுங்க, முடியலன்னா கரை ஒதுங்கணும், வாக்குவாதம் வேணாம். பேச்சு குழறுதா, கையில இருந்தது நழுவுதா, நடக்கிறப்போ இடறுதா, எப்பவும் பேசுறவர் திடீர்னு கம்முனு ஆயிட்டாரா, சிடுசிடுன்னு விழறாரா, இதெல்லாம் அறிகுறி. நடுக்கம் இருக்கிற வரைக்கும் உடம்பு சண்ட போடுதுன்னு அர்த்தம், சூடு ஏறாமலே நடுக்கம் நின்னு ஆளு சோர்ந்தா நெலம மோசம், உள் சூடு 32 டிகிரி கிட்ட எறங்கியிருக்கும். அப்போ ஈரத்த கழட்டிட்டு காஞ்ச உடுப்பு, அடியில மெத்தை, ஸ்லீப்பிங் பேக், அதுக்கு மேல தார்ப்பாய் சுத்தி காத்து புகாம கட்டி, சுடுதண்ணி பாட்டில துணில சுத்தி அக்குள்லயும் நெஞ்சுலயும் வைங்க. முழுங்க முடிஞ்சா மட்டும் சீனி போட்ட சூடான மைலோ. கை கால தேய்க்காதீங்க, நம்ம வீட்டுல செய்ற மாதிரி தைலம் போட்டு உருவாதீங்க, எழுந்து நடக்க வைக்காதீங்க, படுத்த நிலைல பூ மாதிரி கையாளணும், ரொம்ப குளிர்ந்த இதயம் ஆட்டம் தாங்காது. விஸ்கி கூடவே கூடாது, தோல் பக்கம் ரத்தத்த இழுத்து சூடா இருக்கிற மாதிரி காட்டும், உள்ள இருக்கிற சூடு வெளிய போயிரும். ஹெலிகாப்டர் வரும்னு நம்பி இருக்காதீங்க, சாட்டிலைட் ஃபோன் கட்டாயம் இருக்கணும், ஆனா மேகம் எறங்கினா மறுநாள் வரைக்கும் ஆள நீங்களேதான் பாத்துக்கணும்.

சின்ன விஷயமா தெரியும், ஆனா இல்ல: தண்ணி குடிக்கிறது. டிரைசூட்ல ஒண்ணுக்குப் போறது தொல்லை, அதனால எல்லாரும், முக்கியமா பொம்பளைங்க, தண்ணி குடிக்கிறதயே நிறுத்திடுவாங்க, ரெண்டு நாள்ல தலைவலி, சோர்வு, குளிரும் கூடும். உங்க குரூப்ல இருக்கிற ரெண்டு பெண்களுக்கும் பின்பக்கம் தொறக்கிற ஜிப் வச்ச சூட்டா பாத்து எடுங்க, காசு கூட ஆனாலும் சரி. மத்தியானம் நின்னு சமைக்க நேரமும் இல்ல, வெளிச்சமும் இல்ல, சாயங்காலம் அஞ்சேகாலுக்கெல்லாம் சூரியன் போயிடும். காலைலயே ஆளுக்கொரு ஃபிளாஸ்க்ல சூடா ஊத்திக்கோங்க. நாங்க மிளகு ரசம் வச்சு எடுத்துட்டுப் போனோம், மூணாவது நாள்ல இருந்து அமெரிக்கக்காரங்களும் டீய விட்டுட்டு அதுக்குத்தான் கப்ப நீட்டினாங்க. நெய், கடலை, பேரீச்சம்பழம் நெறைய. தேங்காய் எண்ணெய் எடுத்துட்டுப் போனா கல்லா உறைஞ்சு போகும், தோலுக்கு வேற ஏதாவது கிரீம் பாருங்க, விரல் நுனியெல்லாம் வெடிக்கும் அந்த வறண்ட காத்துக்கு. விறகு விஷயத்துல குளிர்காலத்துக்கு ஒரு சலுகை இருக்கு, நவம்பர் 1ல இருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் ஆத்துல அடிச்சு வந்த கட்டைய பொறுக்கி, தீத்தட்டுல வச்சு எரிக்கலாம். ஆனா சாயங்காலம் தீக்கு முன்னாடி உக்காந்துட்டா யாருக்கும் எந்திரிக்க மனசு வராது, அதனால கூடாரம் போட்டு, காஞ்ச உடுப்பு மாத்தி முடிச்சுட்டு அப்புறம் தீய பத்த வைங்க.

இப்ப நீங்க விரும்பாத ஒண்ணு. சுங்கை சிலாங்கூர்ல மூணு தடவ போனது அனுபவம் இல்ல தம்பி, நீங்க அங்க பயணிதான், படகு ஓட்டினது கைடு. குளிர்காலத்துல அங்க கம்பெனி ட்ரிப் கிடையாது, கைடுக்கு காசு குடுத்துக் கூட்டிட்டுப் போறதுக்கும் உங்க மாதிரி தனியார் பெர்மிட்ல அனுமதி இல்ல, ஓட்டப் போறது நீங்களேதான். உங்க கூட்டாளி கோடையில ஒரு தடவ ஓட்டியிருக்காருன்னு எழுதியிருக்கீங்க, அது ஒரு படகுக்கு ஆச்சு, ரெண்டாவது படகு? பெர்மிட் சின்ன குரூப்னா 8 பேருக்கு மேல ஏத்த முடியாது, பெரிய குரூப்னா 16. சின்னதுன்னா நல்லா ஓட்டத் தெரிஞ்ச ரெண்டு பேர சேர்க்க உங்கள்ல ரெண்டு பேர் விட்டுக் குடுக்கணும். மனசு கஷ்டம்தான். நான் உங்க இடத்துல இருந்தா விட்டுக் குடுப்பேன். அந்த ஆத்தோட கதையும் அதான் சொல்லுது: 1889 கோடையில ஃபிராங்க் பிரவுன்னு ஒருத்தர் ரயில் பாதை அளக்க ஆளுங்கள கூட்டிட்டு லைஃப் ஜாக்கெட்டே இல்லாம அதே ஆத்துல இறங்கினாரு, ஜூலைல ஒரு வாரத்துக்குள்ள அவரும் இன்னும் ரெண்டு பேரும் மூழ்கிட்டாங்க. அவரோட எஞ்சினியர் ராபர்ட் ஸ்டான்டன் திரும்பப் போயி, நல்ல படகு செஞ்சு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் வாங்கி, அந்த டிசம்பர்லயே திரும்ப இறங்கி, நடு குளிர்காலத்த கேன்யன்லயே கழிச்சு 1890ல பயணத்த முடிச்சாரு. புகைப்படக்காரர் ஒருத்தர் பாறைல விழுந்து கால் ஒடஞ்சு, அவர மேல தூக்கிட்டுப் போக வேண்டியிருந்துச்சு, ஆனா அந்த ரெண்டாவது பயணத்துல ஆறு யாரையும் கொண்டு போகல. அதே ஆறுதான், சீசன் இன்னும் மோசம்.

உங்க அண்ணன் 52 வயசு, பிரஷர் மாத்திர போடுறாருன்னு எழுதியிருந்தீங்க. இதுல நான் கருத்து சொல்ல மாட்டேன். குளிர்ந்த தண்ணில பிரஷரும் இதயத் துடிப்பும் ஒரே நொடில எகிறும், அது மட்டும் நிச்சயம், அவருக்கு அது தாங்குமான்னு இதய டாக்டர்தான் பாத்து சொல்லணும், ஐஸ் பாத்துல இறங்குறதுக்கு முன்னாடியே போகச் சொல்லுங்க. டாக்டர் சரின்னாலும் அவரையும், இன்னும் யாருக்காவது மனசு தடுமாறினா அவங்களையும் நெனச்சு 88வது மைல்ல ஒரு முடிவு வச்சுக்கோங்க. அங்க கேன்யன் அடியில ஃபான்டம் ரான்ச்னு ஒரு தங்குமிடம் இருக்கு, ப்ரைட் ஏஞ்சல் பாதைல நடந்து தென் விளிம்புக்கு ஏறிப் போயிடலாம், 15 கிலோமீட்டருக்கு மேல, ஒசரம் சுமாரா 1,350 மீட்டர், ஒரு முழு நாள் வேலை. பெரிய ரேப்பிட் பலதும் அதுக்குக் கீழதான் இருக்கு, அதத் தாண்டிட்டா சுலபமா வெளிய வர வழி கெடையாது. அதனால அதுக்கு முந்தின ராத்திரி முகாம்ல ஒவ்வொருத்தரையும் தனித்தனியா உக்கார வச்சுப் பேசுங்க, எல்லாரும் சுத்தி உக்காந்திருக்கிறப்போ கேட்டா திரும்ப "பரவால்ல"தான் வரும். பாதையோட மேல் பகுதி டிசம்பர்ல ஐஸ் புடிச்சு வழுக்கும், பூட்ஸ் அடில மாட்டுற முள்ளு ரெண்டு ஜோடி சாமானோட சேர்த்து இப்பவே லிஸ்ட்ல எழுதிடுங்க.